அச்சத்தின் பழைய பட்டியல்

வரைபடங்களில் பட்டர்வொர்த் என்று எழுதப்பட்டாலும் அக்கம்பக்கத்தார் வாயில் இன்றும் பாகான் என்றே வழங்கிவருகின்ற எங்கள் ஊரிலிருந்து எதிர்க்கரையிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குப் போக, ஃபெரியில் ஏறினால், ஒரு கோப்பைக் காப்பியை நிதானமாகக் குடித்து முடிக்கும் நேரந்தான் ஆகும். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிற்பாடும், தைப்பூசத்துக்கு அங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களிலும் அக்கரையில் வேலை பார்க்கிறவர்களிலும் அநேகர் கடல்வழியையே விரும்பினார்கள். ரயில் வந்து நிற்கும் இடமும் ஃபெரித் துறையும் ஒன்றையொன்று ஒட்டியிருப்பது அதற்கொரு காரணம். கடற்காற்றுக்குத் தனியாகக் கட்டணம் இல்லை என்பது மற்றொரு காரணம்.

அந்தத் துறையில்தான், 1988-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சுல்தான் அப்துல் ஹலீமின் பெயரைத் தாங்கிய முனையத்தின் மேல்தளம் இடிந்து விழுந்தது. இக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில், புனித அன்னாள் தேவாலயத்தின் திருவிழாக் காலம் அது. அதே வேளையில் அக்கரையில், சீனர்கள் கருணையின் தெய்வமாகக் கொண்டாடும் குவான் யின் அம்மனுக்கு விழா. இருவேறு பக்திகள் கொண்ட ஜனங்கள் ஒரே படகுத்துறையில் வந்து கூடினார்கள். படகை எதிர்பார்த்து மேலே நெருக்கியடித்து நின்றவர்களின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் தளம் சரிந்து, கீழே நின்றவர்கள்மீது வீழ்ந்தது. 32 பேர் மாண்டார்கள். 1,634 பேர் காயமுற்றார்கள்.

இம்மாதிரிச் சம்பவங்களுக்குப் பிறகு ஒரு பேச்சு தவறாமல் எழும். கூட்டம் என்று சேர்ந்துவிட்டால் மனிதன் விவேகத்தை இழந்து விலங்காகிவிடுகிறான், நாகரிகம் என்பது மேலே பூசிய சுண்ணாம்பு, சற்றே சுரண்டினால் உள்ளே உறங்கும் மிருகம் எழுந்துவிடும் என்பது அந்தப் பேச்சின் சாரம். 1895-இல் குஸ்தாவ் லெ பான் என்ற பிரெஞ்சுக்காரர் கூட்டத்தின் மனத்தைப் பற்றி எழுதிய நூல் இந்த அபிப்பிராயத்துக்குச் சாஸ்திர அந்தஸ்தையே அளித்துவிட்டது. அறிவு தேர்ப்பாகன், உணர்ச்சி அடங்காத குதிரை என்ற பழைய உவமையும் இதற்கு உறவுதான். ஆனால் உளநூலாரும் மூளையை ஆராய்கின்ற மருத்துவர்களும் இந்த ஒன்றரை நூற்றாண்டில் சேர்த்துவைத்திருக்கிற சான்றுகளைப் பார்க்கும்போது, குதிரை அவ்வளவு கெட்டதுமன்று, பாகன் அவ்வளவு கெட்டிக்காரனுமல்லன் என்றே எனக்குத் தோன்றுகிறது. குதிரையின் குறை வேறு. அது மிகப் பழைய பாதைகளை மட்டுமே அறிந்த குதிரை.

தொல்காப்பியர் உணர்ச்சிக்கு இட்ட பெயர் மெய்ப்பாடு. உள்ளத்தில் எழுவது மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுகிறது என்ற பொருளை அந்தப் பெயரே சுமந்துகொண்டிருக்கிறது. உடம்பு முந்துகிறது, மனம் பிந்துகிறது என்று இன்னும் ஒருபடி மேலே போய் 1884-இல் வாதாடியவர் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளநூலார்: கரடியைக் கண்டு அஞ்சியதால் நாம் ஓடுவதில்லை, ஓடுகிற கால்களையும் துடிக்கிற நெஞ்சையும் உணர்வதையே அச்சம் என்கிறோம் என்பது அவர் கட்சி. இதையெல்லாம் தொல்காப்பியர் அன்றே கண்டுவிட்டார் என்று மார்தட்டுவதற்காக நான் சொல்லவில்லை. அவர் செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தாரேயன்றிப் பரிசோதனைச்சாலை நடத்தவில்லை. ஆயினும் அச்சம் பிறக்கும் இடங்கள் என்று அவர் தரும் பட்டியல், இந்தக் கட்டுரையின் கடைசிவரை நமக்கு வேண்டியிருக்கும்: அணங்கு, விலங்கு, கள்வர், தண்டிக்கும் அரசர் ஆகிய நான்கு.

இவற்றில் விலங்கைப் பற்றி சார்லஸ் டார்வினுக்கு ஓர் அனுபவம் உண்டு. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் கொடிய விரியன் ஒன்று அடைபட்டிருந்த கூண்டின் தடித்த கண்ணாடிமீது முகத்தை வைத்துக்கொண்டு, பாம்பு எவ்வளவு சீறிக் கொத்தினாலும் பின்வாங்குவதில்லை என்று அவர் உறுதி பூண்டு நின்றார். கண்ணாடி உடையாது என்பதை அவருடைய அறிவு ஐயமற அறிந்திருந்தது. பாம்பு கொத்திற்று, மறுகணம் அவர் ஓரிரு கஜ தூரம் பின்னே துள்ளி நின்றார். உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைக் குறித்து 1872-இல் வெளியிட்ட நூலில், தாம் ஒருபோதும் அனுபவித்திராத ஓர் ஆபத்தின் கற்பனைக்கு முன்னால் தம் சங்கற்பம் செயலற்றுப்போனதை அவர் கூச்சமின்றிப் பதிவு செய்திருக்கிறார். டார்வினை மிரட்டிய பாம்பு கண்ணாடிக்கு அப்பால் இருந்த பாம்பன்று. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அவருடைய மூதாதையரின் காலடியில் நெளிந்த பாம்பு.

அப்படியானால் குழந்தை பாம்பச்சத்துடனேயே பிறக்கிறதா என்று கேட்டால், விஷயம் அதைவிட நுட்பமானது. பரிசோதனைச்சாலையிலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. ஆனால் வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைப் படத்தில் காட்டிய மாத்திரத்தில் அவை அஞ்சக் கற்றுக்கொண்டன. அதே அலறலை ஒரு பூவைக் கண்டு அலறுவதைப்போல ஒட்டிக் காட்டியபோதோ, பூவுக்கு அஞ்ச அவை கற்கவில்லை. சூசன் மினேகாவும் அவருடைய சகாக்களும் 1980-களில் செய்துகாட்டிய சோதனை இது. இயற்கை நம் கையில் அச்சத்தைத் தருவதில்லை. எதற்கு எளிதில் அஞ்சலாம், எதற்கு அஞ்சக் கற்பது கடினம் என்று முன்கூட்டியே கோடு கிழித்து வைத்திருக்கிறது. அந்தக் கோட்டைத்தான் இங்கே நான் இயல்பூக்கம் என்கிறேன். அது நமது பிரக்ஞையின் அனுமதியைக் கேட்பதில்லை.

மூளையில் பாதாங்கொட்டை வடிவில், இருபுறமும் அமைந்த அமிக்டலா என்ற சிறு உறுப்பை அச்சத்தின் இருப்பிடம் என்று இப்போது பத்திரிகைகள் சுலபமாக எழுதிவிடுகின்றன. அந்த ஆராய்ச்சியால் பேர்பெற்ற ஜோசப் லெடூவே பிற்காலத்தில், அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடாதீர்கள், அபாயத்தைக் கண்டு உடம்பு தற்காத்துக்கொள்வது வேறு, நான் அஞ்சுகிறேன் என்று மனம் அறிவது வேறு என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. அபூர்வமான ஒரு வியாதியால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துபோன அமெரிக்கப் பெண்மணி ஒருவரை மருத்துவ உலகம் எஸ்.எம். என்ற எழுத்துக்களால் மட்டும் குறிப்பிடுகிறது. பாம்புகள் விற்கும் கடைக்கு அழைத்துச் சென்றால் அவர் ஆவலோடு பாம்பைத் தொட்டுப்பார்த்தார். பேய் வீட்டுக்கு அழைத்துச் சென்றால் சிரித்தார். எதற்கும் அஞ்சாத பெண் என்றே எண்ணியிருந்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வில், கரியமில வாயு 35 சதவீதம் கலந்த காற்றை ஒருமுறை சுவாசிக்கச் செய்தபோது, அதே பெண் பீதியால் துடித்துப்போனார். மூச்சு முட்டும்போது அடிக்கும் அபாயமணி அமிக்டலாவையும் விடப் பழைய, ஆழமான ஓரிடத்திலிருந்து அடிக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

இனிப் படகுத்துறைக்குத் திரும்புவோம். பாம்புக்கு மணி அடிக்கிறது, இருட்டுக்கு அடிக்கிறது, மூச்சுத்திணறலுக்கும் அடிக்கிறது. ஆனால் காலடியில் இருக்கும் தளம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்குக்கு அடிக்கும் மணி எதுவும் நம் உடம்பில் இல்லை. தொல்காப்பியரின் நான்கில் கான்கிரீட் இல்லை. மினேகாவின் குரங்குகளின் பட்டியலிலும் இராது. மாறாக, தனித்துப்போன ஆட்டைத்தான் ஓநாய் கொண்டுபோகும் என்று கற்ற ஜீவராசிகளின் வழிவந்தவர்கள் நாம். கூட்டத்தின் நடுவில் நிற்கும்போது உள்ளூர ஒரு நிம்மதியை உணர்வதே நமது ஸ்வபாவம். எல்லோரும் நிற்கிற இடம் பத்திரமான இடம் என்று அடிமனம் சொல்கிறது. அன்று மாலை மேல்தளத்தில் நின்றவர்களுக்கும் அது அதையே சொல்லியிருக்க வேண்டும். அவர்களைக் கொன்றது மிருக உணர்ச்சியின் கொந்தளிப்பு அல்ல. அந்த உணர்ச்சி மௌனமாக இருந்ததுதான்.

இப்போது பாகனின் கெட்டிக்காரத்தனத்தையும் சிறிது பரீட்சை செய்வோம். 1911-இல் ஜினீவாவில் எடுவார் கிளாபரேத் என்ற மருத்துவர், நிமிஷத்துக்கு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிடும் ஒரு நோயாளிப் பெண்ணோடு கைகுலுக்கும்போது, விரல்களுக்கிடையில் குண்டூசி ஒன்றை ஒளித்துவைத்துக் குத்தினார். சற்று நேரத்தில் அவள் அவரையே மறந்துவிட்டாள். ஆனால் மறுபடி கைநீட்டியபோது தன் கையைப் பின்னிழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, கையை இழுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா, சில வேளை மனிதர்கள் கையில் ஊசியை மறைத்து வைத்திருப்பார்கள் அல்லவா என்று பொதுவாக ஏதோ சொன்னாள். தீர்ப்பு உள்ளிருந்து வந்துவிட்டது. அதற்குரிய நியாயத்தை அறிவு பிறகு புனைந்துகொண்டது.

இதே விஷயத்தை இன்னும் வியக்கத்தக்க விதத்தில் விளக்கியவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று பின் கலிபோர்னியாவில் புகழ்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன். தலையில் பலத்த அடிபட்டுத் தேறிய ஒரு வாலிபன், தன் தாயை நேரில் பார்த்து, இவள் என் தாயைப் போலவே இருக்கிறாள், ஆனால் இவள் ஒரு வேஷதாரி என்று சாதித்தான். தொலைபேசியில் பேசினால் மட்டும் தாயென்று உடனே ஒப்புக்கொண்டான். முகத்தை அடையாளங்காணும் மூளைப் பகுதிக்கும் உணர்ச்சியை எழுப்பும் பகுதிக்கும் இடையேயுள்ள இணைப்பு அறுந்திருக்க வேண்டும். காதின் வழி வரும் இணைப்பு அறாமல் இருக்க வேண்டும் என்பது ராமச்சந்திரனின் அனுமானம். பழகிய முகத்தைக் காணும்போது நம் தோலில் அரும்பும் மிக மெல்லிய வியர்வை அவனுக்கு அரும்பவில்லை என்பதைக் கருவி வைத்து அளந்தும் காட்டினார். கவனிக்கவேண்டியது இதுதான்: அன்பு பொங்காத முகம் தாயின் முகமாக இருக்க முடியாது என்று அடிமனம் தீர்ப்பளித்தது, படித்த, புத்தி தெளிந்த அந்த வாலிபனின் அறிவோ, தீர்ப்பை மறுக்காமல், அதற்கேற்ற ஒரு வேஷதாரியைச் சிருஷ்டித்துக் கொடுத்தது. நமது அறிவு நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்திருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது வக்கீலின் அங்கியையே அணிந்திருக்கிறது என்று 2001-இல் ஜோனதன் ஹைட் என்ற உளநூலார் எழுதியதை இந்த வாலிபனின் கதையோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஒழுக்கத்தின் விஷயத்தில் இந்த வக்கீல் தொழிலை அம்பலப்படுத்திய ஒரு பழைய புதிர் உண்டு. 1967-இல் ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவ அறிஞர் தொடங்கி, பின்னர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் விரித்த அந்தப் புதிரை, நமது பட்டர்வொர்த் ரயில் நிலையத்திலேயே வைத்துப் பார்க்கலாம். தடையிழந்து வரும் வண்டி, தண்டவாளத்தில் வேலை செய்யும் ஐவரைக் கொல்லப்போகிறது. கம்பியை இழுத்தால் வண்டி வேறு தடத்துக்கு மாறி, அங்கே ஒருவர் மட்டும் சாவார். இழுக்கலாமா? பெரும்பாலோர் இழுக்கலாம் என்கிறார்கள். சரி, கம்பி இல்லை. நடைபாலத்தில் உங்கள் பக்கத்தில் ஒரு பருத்த மனிதர் நிற்கிறார். அவரைத் தள்ளிவிட்டால் அவருடைய உடம்பு வண்டியை நிறுத்தும், ஐவர் பிழைப்பார்கள். தள்ளலாமா? அதே ஜனங்கள் கூடாது என்று பதறுகிறார்கள். கணக்கு இரண்டிலும் ஒன்றுக்கு ஐந்துதான். 2001-இல் ஜோஷுவா கிரீன் குழுவினர் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, கையால் தள்ளும் கேள்வியில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாக விழித்தெழுந்தன. நெற்றிக்குப் பின்னே, மூளையின் கீழ்ப்புறம் சேதமடைந்தவர்களோ, 2007-இல் வெளிவந்த ஆய்வின்படி, தள்ளலாம் என்று மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். ஆகவே, மனிதனைக் கையால் தள்ளாதே என்ற கட்டளை தர்க்கத்திலிருந்து வரவில்லை. அதற்காக அதை இழிவென்று நான் கருதவில்லை; ஐவருக்காக ஒருவரைத் தள்ளச் சற்றும் தயங்காதவரோடு நான் ஃபெரியின் ஓரத்தில் நிற்கமாட்டேன்.

அடிமனத்தின் கட்டளைகளெல்லாம் இவ்வளவு கௌரவமானவையல்ல. கிருமி நீக்கப்பட்ட கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் ஒரு கணம் நனைத்தெடுத்தால், அபாயமில்லை என்று தெரிந்தும் பெரும்பாலோர் அதைக் குடிக்கத் தயங்குகிறார்கள் என்று பால் ரோசின் 1986-இல் காட்டினார். அருவருப்பு ஒரு காவலாளி. அழுகிய மாமிசத்திலிருந்து நம் முன்னோரைக் காப்பாற்றியவன். அதே காவலாளியைச் சகமனிதன் தொட்ட குவளையின் மேல் ஏவிவிட்டு, அதற்கு ஆசாரம் என்று பெயர் சூட்டி, சாஸ்திரமும் எழுதிக்கொண்ட சமூகம் நம்முடையது. கடல் கடந்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்தபோதுகூட அந்தக் குவளையை நாம் ஊரிலேயே விட்டுவிட்டு வரவில்லை. வக்கீல் மிகவும் திறமையாக வாதாடிய வழக்கு அது.

ஆனால் லெ பான் சொன்ன மிருகத்துக்கு எதிரான சாட்சியத்தையும் கேட்கவேண்டும். கிறிஸ்துவுக்கு முந்திய நான்காம் நூற்றாண்டில் மென்சியஸ் என்ற சீன ஞானி, கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் காண்பவன் எவனாயினும் திடுக்கிட்டுப் பதறுவான், அந்தப் பதற்றம் புகழுக்காகவோ பெற்றோரின் தயவுக்காகவோ அல்ல என்று வாதிட்டார். அமெரிக்காவில் 1904 முதல், பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குக் கார்னகி அறநிதி பதக்கம் அளித்துவருகிறது. அவ்வாறு பதக்கம் பெற்ற 51 பேரின் வாக்குமூலங்களை 2014-இல் டேவிட் ராண்டும் ஸிவ் எப்ஸ்டைனும் ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் யோசித்துப் பார்த்து இறங்கியவர்களல்லர், யோசிப்பதற்குள் இறங்கிவிட்டவர்கள் என்பது தெரிந்தது. 2005 ஜூலை 7-ஆம் தேதி லண்டன் சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது இருளிலும் புகையிலும் சிக்கியவர்களைப் பின்னர் சந்தித்துப் பேசிய ஜான் டிரூரி குழுவினருக்கு, ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடிய கதைகளைவிட, முன்பின் அறியாதவர்கள் தண்ணீரைப் பகிர்ந்துகொண்ட கதைகளும் காயத்துக்குக் கட்டுப்போட்ட கதைகளுமே மிகுதியாகக் கிடைத்தன. ஒரே ஆபத்தில் அகப்பட்டவர்கள் கணப்பொழுதில் ஒரே குலமாகிவிடுகிறார்கள் என்பது டிரூரியின் முடிவு.

இந்தக் குலமாகும் உணர்ச்சியைத் தமிழர்களிடையே அளந்து பார்த்தவர்களும் உண்டு. அளந்த இடம் மொரீஷியஸ், விழா தைப்பூசம். டிமிட்ரிஸ் ஸிகலாடஸ் குழுவினர் 2013-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கோயிலில் கூட்டுப் பிரார்த்தனை முடித்து வந்தவர்களுக்கும், அலகு குத்திக் காவடி எடுத்து வந்தவர்களுக்கும், காவடியோடு கூடவே நடந்துவந்தவர்களுக்கும் ஆளுக்கு 200 ரூபாய் ஊதியமாகக் கொடுத்து, பிறகு யாரும் பார்க்காத மறைவில், விரும்பினால் அதிலிருந்து கோயிலுக்குக் காணிக்கை போடலாம் என்றார்கள். காவடிக்காரர்கள் பிரார்த்தனைக்காரர்களைவிடக் கூடுதலாகப் போட்டார்கள். விந்தை என்னவெனில், அலகு குத்தாமல் உடன் நடந்து, அந்த வேதனையைக் கண்ணால் கண்டவர்களும் தாராளத்தில் காவடிக்காரர்களுக்குச் சளைக்கவில்லை. தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில் பந்தலுக்குப் பந்தல் நிறுத்தி மோரும் சோறும் கையில் திணிக்கிற அன்பர்களைக் கண்டிருப்பவர்களுக்கு இது பெரிய செய்தியாக இராது.

எனினும் இந்தக் கருணைக்கும் பழைய பட்டியல்தான். அதற்கு முகம் தெரியும், எண் தெரியாது. பசித்திருக்கும் ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் காட்டினால் கொடுக்கிற கை, பசித்திருக்கும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைக் காட்டினால் சுருங்கிவிடுகிறது என்று பால் ஸ்லோவிக்கும் அவர் சகாக்களும் 2007-இல் காட்டினார்கள். இதைப் படிக்கிற உங்களுக்கும், மேலே நான் எழுதிய 1,634 என்ற எண் ஓர் எண்ணாகவே கடந்து போயிருக்கும். எழுதிய எனக்கும் அப்படித்தான். முகமில்லாத ஆபத்துக்கு அஞ்சவும், பெயரில்லாத மனிதருக்கு இரங்கவும் இயல்பூக்கம் உதவாத இடத்தில்தான் எஞ்சினியரின் கணக்கும், கட்டட விதியும், இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது என்ற அறிவிப்புப் பலகையும் தேவைப்படுகின்றன. அறிவு வக்கீலாக இல்லாமல் உண்மையாகவே உழைக்கிற இடம் அது. அந்தப் பலகையை நாம் மதிப்பதில்லை. காரணம், அதைப் பார்த்து யாருக்கும் மயிர்க்கூச்செறிவதில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு அக்கரை போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சதுர மீட்டருக்கு ஆறேழு பேர் என்ற அளவைக் கூட்டம் எட்டிவிட்டால், அதிலுள்ளவர்கள் தம் இஷ்டப்படி நடப்பதில்லை. அலையைப்போல அந்தக் கூட்டமே அவர்களைக் கொண்டுபோகிறது. அத்தகைய நெரிசலில் மாளுகிறவர்களிற் பலர் மிதிபட்டு அல்ல, நின்ற நிலையிலேயே நெஞ்சு அமுங்கி மூச்சுவிட முடியாமல் மாளுகிறார்கள். 2022 அக்டோபரில் சியோல் நகரத்தின் இட்டேவொன் சந்தில் 159 பேர் இறந்ததும் இவ்வகை நெரிசலில்தான். உடம்பின் அபாயமணி மூச்சு முட்டிய பிறகுதான் அடிக்கும், அப்போது காலங்கடந்துவிடும். ஆகவே, அக்கம்பக்கத்தாரின் தோள்கள் நாலாபுறமும் உங்கள் தோளைத் தொடத் தொடங்கியதுமே, மனம் எவ்வளவு நிம்மதியாக இருந்தாலும் அதை நம்பாமல், கைகளை நெஞ்சுக்கு முன்னே மடக்கிவைத்துக்கொண்டு, கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல் சாய்வாக ஓரத்துக்கு நகர்ந்து வெளியே வந்துவிடுங்கள். அடுத்த ஃபெரி வரும்.